எலிவால் சடைக்கு ஒரு வழி

எங்கள் ஆச்சி எனக்குத் தலை பின்னும்போதெல்லாம், "ஏட்டி, இது சடையா எலிவாலா?" என்று கேட்பாள். பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடை கட்டாயம். ஒற்றைச் சடையே எலிவால். அதை இரண்டாகப் பிரித்தால்? ரிப்பன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த முடியோடு வளர்ந்த நான், பாளையங்கோட்டையில் 19 வருஷமாகப் பார்லர் நடத்துகிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் சொல்வது இதுதான்: "முடியே இல்லைக்கா, ரொம்ப வெட்டிராதீங்க." நான் சொல்வது நேர் எதிர். முடி கம்மியாகத் தெரிகிறது என்றால்தான் வெட்ட வேண்டும். கன்னங்கரேலென்று டை அடிப்பதையும் நிறுத்த வேண்டும்.

முதலில் உங்கள் முடி எந்த ரகம் என்று பாருங்கள். சீப்பில் வந்த ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். நூல் மாதிரி தட்டுப்பட்டால் தடித்த முடி. ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் மெல்லிசு முடி. மெல்லிசு வேறு, அடர்த்திக் குறைவு வேறு. தலையில் சுமார் 1 லட்சம் முடி இருந்தாலும், ஒவ்வொன்றும் மெல்லிசாக இருந்தால் கையில் பிடிக்கும்போது ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். இந்த ரகத்துக்குத்தான் நான் சொல்லும் வேலைகள் பலிக்கும். வகிடு நாளுக்கு நாள் அகலமாகிறது, வட்டமாகச் சொட்டை விழுகிறது என்றால் கத்தரிக்கோலை நம்பாதீர்கள். எங்கள் ஊர் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. ரத்தச்சோகை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளை பெற்று மூன்று, நான்கு மாசத்தில் கொத்தாகக் கொட்டுகிறதா? அது பெரும்பாலும் தானாக நின்று, ஒரு வருஷத்துக்குள் பழையபடி வளர்ந்துவிடும். அதுவரை கலரைத் தள்ளிப்போடுங்கள்.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கு என்னிடம் ஒரு ஈரிழைத் துண்டு இருக்கிறது. குளித்து நன்றாகக் காய்ந்த முடியைத் தோளுக்கு முன்னால் போட்டு, அதற்கு அடியில் வெள்ளை ஈரிழைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் முடிக்கு நடுவே துண்டின் வெள்ளை தெரியத் தொடங்கும். உங்கள் முடி அங்கே முடிந்துவிட்டது. கீழே தொங்குவதெல்லாம் சும்மா கணக்குக்கு. பெரும்பாலும் ஐந்து, ஆறு இஞ்ச் போகும். "இடுப்பு வரைக்கும் வளர்த்தேனே" என்று கண் கலங்குவார்கள். முடி மாசத்துக்கு ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். ஆறு இஞ்ச் என்பது ஒரு வருஷ வளர்ச்சி. அந்த நீளம் திரும்ப வரும், ஆனால் அது தொங்கிக்கொண்டிருக்கும்வரை மேலே இருக்கிற நல்ல முடியும் மெல்லிசாகத்தான் தெரியும்.

அடுத்தது வடிவம். எங்கள் ஊரில் காலேஜ் பிள்ளைகள் எல்லாருக்கும் வி கட் வேண்டும். வி கட்டில் இரண்டு பக்கமும் முடியை எடுத்துவிட்டு, நடு நுனியில் பத்து முடியை விடுகிறோம். தடித்த முடிக்கு அழகாக இருக்கும். மெல்லிசு முடிக்கு எலிவாலை நாமே செய்து கொடுத்த மாதிரி. ஸ்டெப் கட்டும் அப்படித்தான், படிக்குப் படி கனம் குறையும். உங்களுக்கு ஸ்ட்ரெயிட் கட் போதும். தோளுக்குக் கீழே இரண்டு, மூன்று இஞ்ச் என்றால் கிளிப்பும் போடலாம், கோயிலுக்குப் போகும்போது சின்னதாகப் பின்னவும் செய்யலாம்.

வெட்டும் கைக்குச் சில விஷயம். முடியை நெற்றியிலிருந்து பிடரிக்கும், காதிலிருந்து காதுக்கும் வகிடு எடுத்து நாலு பாகமாக்குங்கள். பிடரியில் மெல்லிய வரிசை ஒன்றை இறக்கி, கழுத்தோடு ஒட்டச் சீவி, தூக்காமல், இழுக்காமல் நேராக வெட்டுங்கள். அதை அளவாக வைத்து மேல் வரிசைகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். தூக்கிப் பிடித்தால் அது லேயர், அதாவது படிப்படியான வெட்டு ஆகிவிடும், அடிக்கோட்டின் கனம் போய்விடும். ஈர முடி காய்ந்ததும் மேலே ஏறும். அதனால் அரை இஞ்ச் விட்டு வெட்டி, காய்ந்தபிறகு ஒருமுறை சரிபாருங்கள். பல் கத்தரியும் ரேசரும் பக்கத்திலேயே வரக்கூடாது. அவை முடியைக் குறைப்பதற்கு உள்ள சாமான்கள். உச்சியில் மட்டும் ஒரே ஒரு நீள லேயர், முகத்தை ஒட்டித் தாடை அளவுக்கு இரண்டு கொத்து, அவ்வளவுதான். வேறு பார்லருக்குப் போகிறவர்கள், "அடிக்கோடு கனமா இருக்கணும், பல் கத்தரி வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் சடையைப் பின்னி நுனியை ஒரே நறுக்காக நறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அவிழ்த்துப் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருக்கும். நெற்றியில் ஃபிரிஞ்ச் கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் வாதாடுவேன். இருக்கிற முடியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், சித்திரை வெயிலில் வேர்த்து நெற்றியில் ஒட்டிக்கொள்ளும்.

இனி கலர். முடி கம்மியாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், முடிக்கும் மண்டைத் தோலுக்கும் உள்ள நிற வித்தியாசம். மை மாதிரி கறுப்பு அடித்தால் வகிடு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதோடு முழுத் தலையும் ஒரே கறுப்பாக இருந்தால் ஒளியும் நிழலும் இல்லாமல் தட்டையாகப் படுத்துவிடும். கறுப்பிலிருந்து நிறத்தை ஒன்றிரண்டு படி வெளிறும்படி இறக்கி, அடர் பிரவுனும் பிரவுனுமாகக் கலந்துவிட்டால் கண்ணுக்கு நிறைய முடி மாதிரி தெரியும். இன்னொன்றும் நடக்கிறது. கலரில் உள்ள அம்மோனியா முடியின் மேல் செதிலைக் கொஞ்சம் திறந்துவிடும். அதனால் முடி ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் சற்று விலகி நிற்கும். கூடுதலாகப் போனால் அதுவே உடைச்சல்.

என் மதினி கதையைச் சொல்லுதேன். வருஷக்கணக்கில் 15 நாளுக்கு ஒருதடவை கறுப்பு டை அடித்தவர்கள். அம்பாசமுத்திரத்தில் கல்யாணம், இரண்டு நாள்தான் இருக்கிறது, "பிரவுன் போட்டுவிடு" என்று வந்து உட்கார்ந்தார்கள். கலரில் நம்பர் கூடக்கூட நிறம் வெளிறும்; அதோடு கலக்கும் பெராக்சைடுதான் டெவலப்பர், வால்யூம் கூடக்கூட அதன் வீரியம் கூடும். நானும் அவசரத்தில் 5ஆம் நம்பர் லைட் பிரவுனை 30 வால்யூம் டெவலப்பரில் கலந்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே பூச்சாகப் பூசிவிட்டேன். கழுவிப் பார்த்தால் பழைய டை ஏறிய முடி அசையவே இல்லை, அப்படியே கறுப்பு. வேரில் புதிதாக வளர்ந்த ஒரு இஞ்ச் மட்டும் தகதகவென்று செம்பு நிறம். "நடு வகிட்டுல தேரி மண்ணைக் கொட்டிட்டியேளா!" என்றார்கள். அன்று ராத்திரியே வேருக்கு மட்டும் 4ஆம் நம்பரை 10 வால்யூமில் போட்டு அடக்கினேன். இரண்டு பாடம் எனக்கு. ஏற்கெனவே போட்ட கலரை இன்னொரு கலர் வெளுக்க வைக்காது. மண்டைச் சூட்டில் வேர் சீக்கிரம் நிறம் மாறும், ஆகவே அங்கே கடைசியில்தான் பூச வேண்டும்.

சரி, முறை. கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்னால், கலந்த கலரில் ஒரு பொட்டு காதுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு, சிவப்பு ஏதாவது வந்தால் அந்த கலரை விட்டுவிட வேண்டும். கலரில் இருக்கும் பாரா பினைலீன் டையமின் என்ற ரசாயனம் சிலருக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. கறுப்பு மெஹந்தி என்று விற்கிற பேக்கெட்டுகளிலும் அது இருக்கும், பின்பக்கம் படித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் பறித்து அரைத்த மருதாணி வேறு. அது முடிமேல் படிந்து கொஞ்சம் கனம் தரும், ஆனால் சிவப்பை மறைப்பது பெரிய பாடு.

நரை இல்லாதவர்கள் முழுத் தலைக்கும் போட வேண்டாம். வால் சீப்பால் ஈர்க்குச்சி கனத்துக்குக் கொத்துகளைப் பிரித்து, வகிட்டுக்கு இருபுறமும் மூன்று மூன்று, முகத்தை ஒட்டி இரண்டு இரண்டு என்று ஃபாயிலில் வையுங்கள். கலர் படாத இயற்கையான கறுப்புக்கு 5ஆம் நம்பரும் 20 வால்யூமும், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் போதும்; ஒன்றிரண்டு படி இறங்கும். மெல்லிசு முடியில் 40 வால்யூம் கேட்கிறவர்களை நான் எழுப்பி அனுப்பிவிடுவேன். வேரில் அரை இஞ்ச் விட்டுப் பூசி, கடைசிப் பத்து நிமிஷத்தில் அந்த இடத்தையும் பூசுங்கள். மொத்த நேரம் டப்பாவில் எழுதியிருக்கிறபடி. நரை பாதிக்கு மேல் இருந்தால் கறுப்புக்குப் பதில் 4ஆம் நம்பர் பிரவுன். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை வேருக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் நுனிவரை இழுத்தால் நிறம் கறுத்துக்கொண்டே போகும், நுனி முறியும்.

கலர் போட்டு இரண்டு நாள் கழித்துத் தலைக்குக் குளியுங்கள். எண்ணெய் விஷயத்தில் ஆச்சிகளோடு எனக்குச் சண்டை. தேங்காயெண்ணெய் நல்லதுதான், ஆனால் குளிப்பதற்கு முந்தின ராத்திரி ஒரு ஸ்பூன். குளித்தபிறகு தடவினால் மெல்லிசு முடி மண்டையோடு ஒட்டிவிடும். கண்டிஷனர் காதுக்குக் கீழேதான். போர் தண்ணீர் வரும் வீடுகளில் சுண்ணாம்புச் சத்து படிந்து முடி மொரமொரப்பாகும். கடைசி இரண்டு கப் மட்டும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீராக இருக்கட்டும். துவட்டுவதற்கும் அதே ஈரிழைத் துண்டுதான், ஒற்றி எடுங்கள். அப்புறம் தலையைக் குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு, வேரை மட்டும் டிரையரிலோ ஃபேனிலோ காயவையுங்கள். வகிட்டை அரை இஞ்ச் நகர்த்தி எடுத்தால், பழைய பக்கம் படுத்திருந்த முடி எழுந்து நிற்கும்.

விசேஷத்துக்குப் பிச்சிப்பூ வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ரெண்டு முழத்தை நேரே சடையில் செருகினால் பூவின் பாரத்தில் சடை இறங்கி, உச்சி வழித்த மாதிரி ஆகிவிடும். பின்னி முடித்ததும் ஒவ்வொரு கண்ணியையும் பக்கவாட்டில் மெல்ல இழுத்துத் தளர்த்துங்கள். கழுத்துக்கு மேலே இரண்டு ஸ்லைடைப் பெருக்கல் குறி மாதிரி குத்தி, பூச்சரத்தை அந்த ஸ்லைடில் மாட்டுங்கள், முடியில் வேண்டாம்.