சேடில் பேக் வாங்கும்போது எங்கே கோட்டைவிடுகிறோம்?

ரோடு பைக்குக்கு, அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிளுக்கு, சேடில் பேக் என்கிற சீட்டுக்கு அடியில் மாட்டும் பையை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறதா, சைக்கிளின் நிறத்தோடு சேருமா, எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறது, இவ்வளவுதான். டியூபை உள்ளே திணித்துப் பார்ப்பதெல்லாம் பை வீட்டுக்கு வந்த பிறகு. அப்போது ஜிப் மூடாது. மூடினாலும் பாதி இடம் காலியாகக் கிடந்து வழியெல்லாம் கடகடக்கும். வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தலைவலி போய்விடும். முதலில் உள்ளே போகப்போகிற சாமான், அடுத்து உங்கள் சீட்டுக்கு அடியில் இருக்கும் இடம், கடைசியாகத்தான் பை.

லிட்டரை நம்பி வாங்குவது

ஒரு நாள் ஓட்டத்துக்கு வேண்டியவை அதிகமில்லை. ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீயும் நட்சத்திர வடிவ டி25 முனையும் செயின் டூலும் உள்ள ஒரு மல்டி டூல், சில பேட்ச், அறுந்த செயினை இணைக்க ஒரு குயிக் லிங்க், காற்றடிக்க ஏதாவது ஒன்று. டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் ஓட்டுகிறவர் என்றால், ஓட்டையை அடைக்கும் பிளக்கும் சேரும். பிளக் இருக்கிறதே என்று டியூபை விட்டுவிடக் கூடாது. டயர் நீளமாகக் கிழிந்தால் பிளக் கைவிட்டுவிடும், டியூப்தான் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

இதெல்லாம் அடங்க 0.5 முதல் 0.8 லிட்டர் வரை போதும். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. வாய் குறுகி உள்ளே கூம்பாகப் போகிற பையில் 0.6 லிட்டர் என்பது ஏட்டுக் கணக்கு. மடித்த டியூப் போகும், அதன் பக்கத்தில் மல்டி டூல் போகாது. சாமான் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, ஒரு ரப்பர் பேண்டில் இறுக்கிக் கட்டி, அந்தக் கட்டின் நீள அகல உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பையின் அளவோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

டியூபில் இரண்டு விஷயம் கண்ணுக்குத் தப்பிவிடும். முன்பெல்லாம் ரோடு பைக் என்றாலே 23 மி.மீ. டயர்தான். இன்றைக்கு 28, 30, 32 என்று போய்விட்டது. அந்த அகலத்துக்கான சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூபை எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் பழைய டியூபைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். பழைய சைக்கிளில் கச்சிதமாக இருந்த குட்டிப் பை புதிய சைக்கிளுக்குப் பற்றாமல் போவது இதனால்தான். இரண்டாவது, வால்வு. விளிம்பு ஆழமான சக்கரம் வைத்திருக்கிறவர்களுக்கு 60 அல்லது 80 மி.மீ. வால்வு உள்ள டியூப் வேண்டும். டியூபை மடிக்கலாம், வால்வை மடிக்க முடியாது. சின்னப் பையில் அது துணியைக் குத்திக்கொண்டு துருத்தி நிற்கும். டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த டியூபுக்கு மாறினால் இடமும் எடையும் வெகுவாகக் குறையும். சாதாரண டியூப் 100 கிராமைத் தொடும் இடத்தில் இது 40 கிராமுக்குள் அடங்கிவிடும். விலை கூடுதல்தான், என்றாலும் பெரிய பை வாங்குவதைவிட இதுவே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

காற்றுக்கு என்ன வழி என்பதும் பையின் அளவைத் தீர்மானிக்கும். மினி பம்ப் பெரும்பாலும் சேடில் பேக்கில் அடங்காது, அதை பாட்டில் கூண்டுக்குப் பக்கத்தில் பிரேமில் மாட்டிவிடுவதுதான் வழக்கம். கார்பன் டை ஆக்சைடு குடுவை விரல் நீளம்தான். 16 கிராம் குடுவை ஒன்று 25 மி.மீ. டயரைத் தாராளமாக நிரப்பிவிடும். 32 மி.மீ. டயரில் அதே குடுவை தரும் அழுத்தம் குறைவு, அகல டயருக்குக் குறைந்த அழுத்தமே போதும் என்பதால் அதுவும் ஓடும். அந்த வாயு பியூட்டைல் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசிந்துவிடும் என்பதால், வீடு திரும்பியதும் பம்பால் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு குடுவையோடு கிளம்புவது மட்டும் வேண்டாம். குடுவையை வால்வோடு இணைக்கும் தலைப்பகுதியைச் சரியாகப் பொருத்தாமல் திருகினால் மொத்த வாயுவும் புஸ்ஸென்று போய்விடும், அதன் பிறகு கையில் இருப்பது வெறும் இரும்பு.

சீட்டுக்கு அடியில் அளக்காமல் இருப்பது

சிறிய பிரேம் ஓட்டுகிறவர்களும், சீட்டைத் தாழ்வாக வைக்கிறவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சீட்டின் அடிக்கம்பிக்கும் பின் டயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். மட்கார்டு இருந்தால் அதன் மேல்விளிம்பு வரைதான் கணக்கு. நிரப்பிய பை தொங்கிய பிறகும் கீழே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். காலிப் பையை வைத்து இதைப் பார்த்துப் பயனில்லை, சாமான் ஏறினால் வால் பக்கம் தாழும். டயரில் உரசினால் அடித்துணி தேய்ந்து ஓட்டை விழும், உள்ளே இருப்பது ஒவ்வொன்றாகச் சாலையில் உதிரும்.

அடுத்து சீட்போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய். வட்டக் குழாயாக இருந்தால் எந்தப் பையின் பட்டையும் சுற்றிக்கொள்ளும். காற்றைக் கிழித்துப் போகவென்று வடிவமைத்த ஏரோ சைக்கிள்களில் சீட்போஸ்ட் முன்னும் பின்னும் நீண்டு, தட்டையாக இருக்கும். வட்டக் குழாய்க்குத் தைத்த வெல்க்ரோ அதைச் சுற்றிவரப் பற்றாது, நுனியில் ஓரிரு செ.மீ. மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் பள்ளத்திலேயே பிரிந்துவிடும். சீட்போஸ்டைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்து, பையின் பட்டை நீளத்தோடு ஒப்பிடுங்கள். சீட்போஸ்டையே தொடாமல் அடிக்கம்பிகளில் மட்டும் மாட்டிக்கொள்கிற பைகளும் உண்டு, ஏரோ சைக்கிளுக்கு அவை வசதி.

அந்தக் கம்பியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உலோகக் கம்பி 7 மி.மீ. வட்டம். கார்பன் கம்பி பெரும்பாலும் 7x9 மி.மீ. நீள்வட்டம், சிலவற்றில் உயரம் 10 மி.மீ. துணிப் பட்டைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பிளாஸ்டிக் கிளிப்பால் ‘டக்’கென்று மாட்டும் வகையை வட்டக் கம்பிக்கென்று செய்திருந்தால், கார்பன் கம்பியில் திருகி இறுக்கவே கூடாது. கார்பனை ஓரிடத்தில் நெருக்கினால் விரிசல் விடும் அபாயம் உண்டு.

பட்டையை அலட்சியமாக விடுவது

பை நல்லதா இல்லையா என்று சொல்வது துணி அல்ல, அது சைக்கிளைப் பிடித்திருக்கும் விதம்தான். மிதிக்கும்போது இடுப்பு இடவலமாக அசையும், எழுந்து நின்று ஏற்றத்தில் மிதித்தால் சைக்கிளே சாயும். தளர்ந்த பை ஒவ்வொரு மிதிக்கும் ஒருமுறை ஆடி, தொடையின் உட்பக்கத்தைத் தட்டும். ஆரம்பத்தில் தெரியாது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வேறு நினைப்பே இருக்காது.

பையை மாட்டிய பிறகு பின்னால் நின்று பாருங்கள். சீட்டின் அகலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் பிதுங்கினால் அந்தப் பை ஆகாது. முன்பக்கம், அதாவது சீட்போஸ்டை ஒட்டிய பகுதி, ஒடுங்கி இருக்க வேண்டும். தொடை உரசுவது அங்கேதான். வெல்க்ரோ பட்டையின் முரட்டுப் பக்கம் வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சைக்கிள் ஷார்ட்ஸின் துணியில் அது ஒவ்வொரு மிதிக்கும் ஒரு நூலைக் கிள்ளும். சில மாதத்தில் தொடைப் பக்கம் மட்டும் பஞ்சுபோலப் பிசிர் கிளம்பி நிற்கும், துணிதான் மட்டம் என்று திட்டிக்கொண்டிருப்போம்.

சீட்போஸ்டுக்கும் இதே கதிதான். பட்டைக்கு அடியில் மழைச் சேறும் மணலும் புகுந்தால், பை லேசாக ஆடும்போதெல்லாம் உப்புத்தாளாகத் தேய்க்கும். பையைக் கழற்றினால் பட்டை இருந்த இடத்தில் மட்டும் பளபளப்புப் போய், மங்கலான ஒரு வளையம் தெரியும். அலுமினியத்தில் அது அழகுக் குறைச்சல் மட்டுமே. கார்பனில் மேல்பூச்சைக் கடந்து இழை வரை தேயவிடக் கூடாது. பிரேமில் ஒட்டும் பாதுகாப்பு பிலிம் ஒரு துண்டு, அல்லது பழைய டியூபில் வெட்டிய ஒரு பட்டை, இதற்குப் போதும்.

வெல்க்ரோ மலிவு, பழகினது, ஆனால் சேறு ஏறினால் பிடிப்பு போய்விடும். பாலியூரித்தேன் ரப்பர் பட்டை நனைந்தாலும் நழுவாது. டயலைத் திருகி கம்பி வடத்தை இறுக்கும் வகை வேகமானது, இறுக்கமும் நன்றாக இருக்கும். இரண்டு மூன்று சைக்கிளுக்கு ஒரே பையை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு அது உதவும், ஒரே சைக்கிளில் வருஷக்கணக்கில் கிடக்கப்போகிற பைக்கு அது தேவையில்லாத செலவு.

உள்ளே டியூபையும் கருவியையும் ஒன்றாகப் போடுவது

இது பை வாங்குவதில் வராது, பயன்படுத்துவதில் வரும். ஆனால் நடுவழியில் ஆளை நிற்க வைப்பதில் இதற்கே முதலிடம். மாதக்கணக்கில் மல்டி டூலின் விளிம்பு டியூபின் மடிப்பில் உரசிக்கொண்டே இருக்கும். பஞ்சர் ஆகிறது, புது டியூபை எடுத்துப் பிரிக்கிறோம். மடிப்பு இருந்த இடத்தில் ரப்பர் வெளுத்திருக்கிறது, நடுவில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. பெட்டியிலிருந்து எடுத்த பிறகு ஒருநாளும் சக்கரத்தில் ஏறாத டியூப் அது.

டியூபை ஒரு பழைய சாக்ஸுக்குள் போடுங்கள், இல்லை பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். வால்வு நுனிக்கு மூடி கட்டாயம், இல்லையென்றால் டியூபின் வால்வே டியூபைக் குத்தும். சாக்ஸில் இன்னொரு லாபம், செயினைத் தொடும்போது கைக்குப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே தடுப்பு தைத்த பை கிடைத்தால் அதை எடுங்கள், இந்த வேலை மிச்சம்.

பையின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் அப்போதுதான் உறைக்கும். தொங்குகிற பையின் பின்பக்க ஜிப்பைத் திறந்தால் முதலில் விழுவது குயிக் லிங்க். புல்லில் விழுந்த குயிக் லிங்கைத் தேடுவது எவ்வளவு சுகம் என்று சொல்லவேண்டியதில்லை. ஜிப் முழுதும் திறக்காமல் பாதியில் நிற்கும் பை, அல்லது கழற்றித் தரையில் விரித்து வைக்கிற சுருள் பை, இரண்டும் தேவலை. சுருளில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். உள்துணி வெளிர் நிறமாக இருந்தால் இருட்டில் தேட எளிது. கறுப்புப் பைக்குள் கறுப்பு லீவரைத் தேடுகிறவருக்குத்தான் அந்த அருமை புரியும்.

செயின் இணைப்பைப் பற்றி ஒரு வரி: பின்னால் 11 பல்சக்கரம் உள்ள சைக்கிளின் (11 வேகம்) செயினுக்கான குயிக் லிங்க் 12 வேகத்தில் வேலை செய்யாது. சைக்கிள் மாற்றியவர்கள் பையில் இருப்பதையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தண்ணீர், விளக்கு, சாவி

மழை மேலிருந்து வருவதைவிடப் பின்சக்கரம் கீழிருந்து வாரி அடிப்பதுதான் பைக்கு எதிரி. அதனால் ஜிப் டயரைப் பார்த்து இருக்கிற பையைத் தவிர்த்துவிடுங்கள். ‘நீர் எதிர்ப்பு’ என்பது தூறலுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதோடு சரி, தையல் துளைகள் வழியே தண்ணீர் இறங்கத்தான் செய்யும். முழுசாக நனையாமல் இருக்கத் தையலை ஒட்டுப்பட்டையால் அடைத்த பையோ, வாயைச் சுருட்டி மூடும் பையோ வேண்டும். நனைந்த பையை அப்படியே விட்டால் மல்டி டூலின் திருகுகள் துருப்பிடித்து, ஆலன் கீயை வெளியே இழுக்கவே வராது.

பின்விளக்கைப் பையின் துணி வளையத்தில் மாட்டினால் அது பெரும்பாலும் சாலையைத்தான் காட்டும், பின்னால் வருகிற வண்டியை அல்ல. சீட்போஸ்டில் மாட்டினாலோ, பையின் வால் அதை மறைக்கும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பத்தடி பின்னால் போய் நின்று விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போன், சாவி, சாப்பிட எடுத்துப்போவது இதெல்லாம் ஜெர்சியின் பின்பாக்கெட்டுக்கு உரியவை. ஓடும்போது எடுக்க வேண்டியது பாக்கெட்டில், நின்றால் மட்டும் எடுக்க வேண்டியது பையில். இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் ‘இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாமே’ என்ற ஆசை தானாகவே அடங்கும்.

பெரிய பைக்கு ஆசைப்படுவது

8 லிட்டரிலிருந்து 17 லிட்டர் வரை வருகிற நீண்ட வால் பைகள், ஓரிரு இரவு தங்குகிற பயணத்துக்கானவை. தினசரி ஓட்டத்துக்கு வாங்கி, பாதி காலியாக விட்டால் நாய்வால்போல ஆடும். பயணத்துக்கே வாங்கினாலும் கனமான பொருள் சீட்போஸ்டை ஒட்டி முன்னால் போகவேண்டும், வால் நுனிக்கு லேசான துணிமணி. கார்பன் சீட்போஸ்ட் என்றால் இப்படிப்பட்ட பையை மாட்டலாமா என்று சைக்கிளின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குறுக்குவாட்டில் தொங்கும் கேன்வாஸ் பைகள் தனி ரகம். இங்கிலாந்தின் லங்காஷயரில் 1932 முதல் அவற்றைத் தைத்துவரும் கேரடைஸ் நிறுவனத்தின் பையைப் பார்த்து மயங்காத சைக்கிள்காரர் குறைவு. ஆனால் அவை ப்ரூக்ஸ் பி17 போன்ற தோல் சீட்டின் பின்விளிம்பில் இருக்கும் வளையங்களை நம்பிச் செய்தவை. இன்றைய பந்தய சீட்டுகளில் அந்த வளையம் கிடையாது. தனியாக ஒரு தாங்கி வாங்கிப் பொருத்தினால்தான் மாட்ட முடியும்.

சீட்டுக்கு அடியில் இடமே இல்லாதவர்கள், இரண்டாவது பாட்டில் கூண்டில் உட்காரும் டப்பாவைப் பார்க்கலாம். ஆடாது, உரசாது, தண்ணீர் புகாது. ஒரு பாட்டில் தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டும், நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

மாட்டிய பிறகு

எல்லாவற்றையும் நிரப்பி, பட்டைகளை இறுக்கி, பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கிக் கீழே விடுங்கள். உள்ளே உலோகம் தட்டும் சத்தம் வந்தால் இடைவெளியில் ஒரு துணியைச் செருகுங்கள், அது கை துடைக்கவும் ஆகும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு பட்டைகளை இன்னொருமுறை இழுத்து இறுக்க வேண்டியிருக்கும், புதுப் பட்டை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை பையைக் கவிழ்த்துக் கொட்டி, டியூபை விரித்துப் பார்த்து, பேட்ச் பசையையும் அழுத்திப் பாருங்கள். ஒருமுறை திறந்த பசைக்குழாய் சீக்கிரமே உள்ளே காய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்திருப்பதுபோலவே தெரியும்.