ஆர்டீமியா பொரிப்பு: முட்டையைக் குறை சொல்வதற்கு முன்

மீன் வளர்ப்பவர் முதல் தடவை குஞ்சு எடுத்ததும் தேடிப் போவது ஆர்டீமியா முட்டை டப்பாவைத்தான். ஆர்டீமியா என்பது உப்புத் தண்ணீரில் வாழும், இறால் போன்ற ஒரு குட்டி உயிர். துடித்து நீந்துகிற உயிர் இரை, அதுவும் நினைத்த நாளில் கையில் கிடைக்கிறது என்றால் சும்மாவா? 1933இல் அமெரிக்க மீன் ஆய்வாளர் ஆல்வின் சீல் மீனுக்கு இது நல்ல உயிர் உணவு என்று எழுதினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நார்வேயின் குன்னார் ரோலெஃப்சனும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ பொடித் தீவனங்கள் வந்துவிட்டன. ஆனாலும் குஞ்சு வளர்ப்பவர் வீட்டில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் அந்த பாட்டில் இன்னும் போகவில்லை.

செய்முறை சின்னதுதான். உப்புத் தண்ணீர், காற்று, வெளிச்சம், 26 முதல் 28 டிகிரி வெப்பம், ஒரு நாள் பொறுமை. ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேட்டு வரும் சந்தேகங்களைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் இவர்களும் வரிசையாகச் சொதப்புகிறார்கள். உப்பு போட மறப்பது, பம்ப் பிளக்கைச் சொருக மறப்பது எல்லாம் இங்கே வேண்டாம். அதை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை. தவறு என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தொடர்கிறவற்றை மட்டும் பார்ப்போம்.

குளிர்ந்த டப்பாவை எடுத்த கையோடு திறப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இதில் வீணாவது ஒரு வேளைப் பொரிப்பு அல்ல, டப்பா முழுவதும்.

தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, டூப்ளிகேட் முட்டையைத் தலையில கட்டிட்டாங்க போல. ஆரம்பத்துல நல்லா பொரிச்சுது, இப்போ பாதிகூட வரலை." ஆரம்பத்தில் நன்றாகப் பொரித்தது என்றாரே, அதுவே போதும். மட்டமான முட்டை முதல் நாளிலிருந்தே மட்டம்தான். போகப் போகக் குறைகிறது என்றால் வீட்டுக்குள் ஏதோ நடக்கிறது. "டப்பாவை எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜ்லதான் அண்ணா, பத்திரமா." சரி என்று நேரிலேயே போய்ப் பார்த்தேன்.

ஃப்ரிட்ஜைத் திறந்தார், டப்பாவை எடுத்தார், நின்ற இடத்திலேயே மூடியைக் கழற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டப்பா வெளியே வியர்த்தது. மூடியின் உட்பக்கத்திலும் மங்கலாக ஈரம் படர்ந்தது. சற்று முன் உப்புத் தண்ணீரைக் கலக்கிய ஸ்பூனைச் சட்டையில் ஒரு துடை துடைத்துவிட்டு, அதாலேயே முட்டையை அள்ளினார். அப்புறம் மூடியை இறுக்கி மூடி, உள்ளே சேர்ந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி, டப்பாவை மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். தினமும் காலையில் இதே சடங்கு.

ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டச் சொன்னேன். நல்ல முட்டையாக இருந்தால், தாளைச் சாய்த்ததும் காய்ந்த பொடி மணல் போல ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி ஓடும். இவருடையது சின்னச் சின்னத் திரளையாக விழுந்தது. ஸ்பூன் விளிம்பில் ஒட்டியதை விரலால்தான் தள்ள வேண்டியிருந்தது.

கொஞ்சம் ஈரத்தில் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். ஆர்டீமியா முட்டையின் பிழைப்பே ஈரத்தைப் பொறுத்ததுதான். பரவலாகப் புழங்கும் முட்டை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் லேக் ஏரியில் மிதப்பதை அள்ளிக் காய வைத்தது. அங்கே கரையொதுங்கிக் காய்ந்த முட்டைக்குள் கரு தன் இயக்கத்தை நிறுத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஈரம் பட்டால் வேலையைத் தொடங்கும். டப்பாவில் அடைக்கும்போது ஈரப்பதத்தை 10 சதவீதத்துக்கும் கீழே இறக்குவது இதற்காகத்தான்.

குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் அறைக் காற்றின் ஈரம் முட்டை மேல் படிகிறது, முட்டை அதை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஈரம் பொரிப்பதற்குப் போதாது. கரு விழித்துக்கொண்டு, சேர்த்து வைத்த சர்க்கரையை எரிக்க ஆரம்பிப்பதற்கு மட்டும் போதும். அந்தச் சேமிப்பில்தான் பிறகு ஓடு உடைய வேண்டும். அது கிளிசராலாக மாறி, தண்ணீரை உள்ளே இழுத்து, அந்த அழுத்தத்தில் ஓடு வெடிக்கும். சேமிப்பு முன்கூட்டியே கரைந்துவிட்டால் முட்டை உருண்டு திரண்டு நிற்குமே தவிர வெடிக்காது. சிலது வெடித்தும் குஞ்சு ஓட்டை விட்டுப் பிரிய முடியாமல் தொங்கிக்கொண்டே சாகும். ஈரம் ஏறியதை ஃப்ரீசரில் வைத்தால் அது இன்னொரு அடி. காய்ந்த முட்டை ஃப்ரீசரைத் தாங்கும், ஈரமானது தாங்காது.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. நிறம் அதே நிறம். பொரிப்பு மட்டும் வாரத்துக்கு வாரம் குறையும். ஆகவே ஆள் உப்பை மாற்றுவார், பல்பை மாற்றுவார், பம்பை மாற்றுவார், கடைசியில் முட்டையை இரண்டு மடங்காகப் போடுவார். அதில் பொரிக்காமல் போனதெல்லாம் அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அழுக ஆரம்பித்து, பொரித்த கொஞ்சத்தையும் கெடுக்கும்.

புது டப்பாவைப் பிரிக்கும் அன்றே முட்டையைச் சின்னக் குப்பிகளாகப் பிரித்துவிடுங்கள். மழை பெய்யும் நாளில் வேண்டாம். ஒரு குப்பி இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும். உள்ளே காற்று தங்காதபடி கழுத்துவரை நிரப்புங்கள். ஒரு குப்பி மட்டும் வெளியே, வெயில் படாத அலமாரியில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும். மற்றவை ஃப்ரீசருக்கு. அது தீர்ந்ததும் அடுத்ததை எடுத்து, மூடியைத் தொடாமல் ஓரிரு நாள் அறையிலேயே விட்டுவிடுங்கள். வியர்ப்பதெல்லாம் குப்பிக்கு வெளியே வியர்த்துக் காயட்டும். ஒருமுறை திறந்த குப்பி மறுபடி குளிருக்குள் போகவே கூடாது.

ஸ்பூனும் முட்டைக்கென்று தனியாக இருக்கட்டும். அப்புறம், பொரிக்கும் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் குப்பியைத் திறக்காதீர்கள். குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் உப்புத் துளி கண்ணுக்குத் தெரியாது. பாட்டில் நிற்கும் மேசையை விரலால் தடவிப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும்.

தம்பி விடவில்லை. "வெயில்ல காய வச்சா சரியாகாதா அண்ணா?" என்றார். காய வைத்தால் ஈரம் போகும், எரிந்துபோன சேமிப்பு எப்படித் திரும்பும்? மிச்சத்தை ப்ளீச்சில் ஓடு நீக்கி, பொரிக்க வைக்காமல் அப்படியே பெரிய மீன்களுக்குப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

உப்பை ஸ்பூன் கணக்கில் போடுவது

லிட்டருக்கு 25 கிராம் என்றால் அடுத்த கேள்வி "அது எத்தனை ஸ்பூன்?" என்பதுதான். கல் உப்பு ஒரு ஸ்பூனும் பொடி உப்பு ஒரு ஸ்பூனும் ஒரே எடை கிடையாது. ஒருமுறை தராசில் நிறுத்து, உங்கள் உப்புக்கு உங்கள் ஸ்பூனில் எவ்வளவு என்று பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, 20 கிராமிலும் நன்றாகவே பொரிக்கும். கூடினால்தான் தொல்லை. உப்பு ஏற ஏற, ஓடு வெடிக்கும் அளவுக்குத் தண்ணீரை உள்ளே இழுக்க முட்டை இன்னும் அதிகமாகப் பாடுபட வேண்டும், பொரிப்பு தள்ளிப்போகும்.

அயோடின் சேர்த்த உப்பு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பொரித்ததை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன், அந்தக் கவலையை விடுங்கள். அதற்குப் பதில் தண்ணீரின் அமில-காரத் தன்மையை, அதாவது பிஹெச்சைக் கவனிக்கலாம். அது 8க்குக் கீழே இறங்கினால் குஞ்சு வெளிவர உதவும் நொதி மந்தமாகிவிடும். மென்நீர் என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஸ்டோன் மாட்டுவது

காற்றைப் பொடிக் குமிழியாக உடைக்கும் அந்தத் துளைக் கல் வேண்டாம். பொடிக் குமிழி நுரை கட்டி, முட்டையை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் அப்பிவிடும். வெறும் குழாய் முனை பாட்டிலின் அடியில் இருந்தால் போதும்.

அள்ளிப் போடுவது

லிட்டருக்கு 2 கிராம், அதற்கு மேல் போகாதீர்கள். நல்ல முட்டை என்றால் ஒரு கிராமிலேயே 2 லட்சத்துக்கு மேல் வரும். உங்கள் தொட்டியில் எத்தனை வாய் இருக்கிறது?

"சாயங்காலம் எடுத்துக்கலாம்"

பொரித்த புதிதில் ஆர்டீமியாவுக்கு வாய் திறந்திருக்காது. முட்டையிலிருந்து கொண்டு வந்த கொழுப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஆரஞ்சு நிறம் கட்டுச்சோறு இன்னும் தீரவில்லை என்பதற்கு அடையாளம். சுமார் 8 மணி நேரத்தில் ஒருமுறை தோல் உரிக்கும். அதன் பிறகு நிறம் வெளுத்து, உடல் சற்று நீண்டு, முன்னைவிட வேகமாக நீந்தும். மீன் குஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால், துரத்த வேண்டிய தூரம் கூடுகிறது, பிடித்த பிறகு கிடைப்பது குறைகிறது. காலையில் பொரித்ததை இரவு வரை குமிழியிலேயே ஓட விடுபவர்கள், "தினமும் ஆர்டீமியாதான் போடறேன், குஞ்சு மட்டும் வளரலை" என்பார்கள்.

24 மணி நேரம் என்று எழுதியிருப்பது சுமார் 28 டிகிரிக்கான கணக்கு. அறை குளிர்ந்திருந்தால் ஒன்றரை நாளும் ஆகும். கடிகாரத்தை விட்டுவிட்டு, 18 மணி நேரத்திலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். பொரித்ததை உடனே எடுத்து, மிச்சமானதை ஆழமில்லாத டப்பாவில் சுத்தமான உப்புத் தண்ணீர் விட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் வரை சத்து அதிகம் குறையாது. குளிரில் அசையாமல் கிடக்கும், தொட்டித் தண்ணீர் பட்டதும் மறுபடி துடிக்கும். இரண்டு பாட்டிலை 12 மணி நேர இடைவெளியில் ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

ஓடு பிரிக்கக் காற்றை நிறுத்திவிட்டு மறந்துபோவது

காற்றை நிறுத்தினால் காலி ஓடு மேலே போகும், பொரிக்காதது அடியில் படியும், உயிருள்ளது வெளிச்சத்தை நோக்கி வரும். பாட்டிலின் மேல்பாதியைத் துணியால் மூடி, அடிப்பக்கம் விளக்கு வைத்து, 5 முதல் 10 நிமிடம் விட்டால் போதும். போன் வந்தது, பேசிவிட்டு வந்தேன் என்றால் முடிந்தது. அத்தனை லட்சம் ஒரே மூலையில் நெருக்கியடித்தால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்து, கூண்டோடு சாகும். எடுக்கும்போது முதலில் வரும் கொஞ்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள், அது பொரிக்காத முட்டை. ஓடு மீன் குஞ்சுக்குச் செரிக்காது, சின்னக் குடலில் அடைத்துக்கொள்ளும். டீ வடிகட்டியில் எல்லாம் நழுவிவிடும். 120 முதல் 150 மைக்ரான் சல்லடை வேண்டும்.

பொரித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவது

கூடாது. உப்பு ஒரு பக்கம். முட்டை வெடித்தபோது கசிந்த கிளிசராலைத் தின்று பெருகிய பாக்டீரியா மறுபக்கம். வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, இரையை மட்டும் போடுங்கள்.

ப்ளீச்சில் ஓடு நீக்கும்போது ஐஸை மறப்பது

கலவை தானாகவே சூடேறும். 40 டிகிரி தாண்டினால் கரு வெந்துவிடும்.

எல்லாக் குஞ்சுக்கும் முதல் நாளே கொடுப்பது

ஆர்டீமியா கண்ணுக்குச் சின்னதுதான், ஆனால் அரை மில்லிமீட்டருக்குப் பக்கம் வரும். கப்பி, மோலிக் குஞ்சுகள் பிறந்த அன்றே விழுங்கும். குராமிக் குஞ்சின் வாய் அதற்குப் போதாது. சான் பிரான்சிஸ்கோ வகை முட்டையில் வருவது கொஞ்சம் சிறியது, அதுவும் குராமிக்கு முதல் நாட்களில் பெரிதுதான்.

இரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, பக்கவாட்டில் விளக்கு வைத்துக் குஞ்சின் வயிற்றைப் பாருங்கள். வயிறு உருண்டு ஆரஞ்சாகத் தெரிந்தால் தின்கிறது. கொத்திக் கொத்தித் துப்பினால் இரை பெரிது. இன்னும் சில நாள் இன்ஃபுசோரியாவே, அதாவது தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்களே, போகட்டும். தின்னாமல் விட்டது நன்னீரில் சில மணி நேரம்தான் தாங்கும், பிறகு அடியில் செத்துக் கிடந்து தண்ணீரைக் கெடுக்கும். அன்றே குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள். பொரிக்கும் பாட்டிலை வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துக் காய வையுங்கள். சோப்பு வேண்டாம்.