மாதம் 1000 ரூபாய் கைக்கு வராமல் போவது எங்கே?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்குப் போகும் அப்பா, புதுவயல் அரிசி ஆலையிலோ ஆச்சிமார் வீட்டுச் சமையலிலோ நிற்கும் அம்மா, இப்படிப்பட்ட வீடுகளில்தான், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு மாதாமாதம் தரும் புதுமைப்பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப்புதல்வன் (மாணவர்களுக்கு) பணம் வராவிட்டால் படிப்பே ஆட்டம் காண்கிறது. வராததற்குக் காரணம் பெரும்பாலும் முன்கூட்டியே சரிசெய்யக்கூடியதாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் தவறு கல்லூரிக்கு முன்பே நடந்துவிடுகிறது. பத்தாவதில் நல்ல மார்க் வந்ததும், "ரெண்டு வருஷம்தானே" என்று நகையை அடகு வைத்துக் காரைக்குடியில் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கிறார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். மெட்ரிக்கில் சேர்ந்தால் அது போச்சு. மூன்று வருஷப் பட்டப்படிப்புக்குக் கணக்குப் போட்டால் 36,000 ரூபாய், அடகு வட்டி தனி.

அடுத்தது வங்கிக் கணக்கு, அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். கவுண்டரில் "ஆதார் சேர்த்தாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்பார்கள், ஆனால் கேஒய்சிக்கு, அதாவது நீங்கள் யார் என்று வங்கி சரிபார்க்கச் சேர்த்தது வேறு, அரசுப் பணம் வருவதற்காக என்பிசிஐயில், அதாவது எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று பதிந்து வைக்கும் அமைப்பில் ஏற்றுவது வேறு. "டிபிடிக்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் விழும் முறை) ஏறியிருக்கா?" என்றே கேளுங்கள். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் அதில் நிற்கும், அதனால் நடுவில் இன்னொரு வங்கியில் கணக்குத் தொடங்கி அதை ஏற்றிவிட்டால் பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும், நீங்கள் பழைய பாஸ்புக்கையே பதிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி என்று பார்த்துக்கொள்ளலாம். ரெண்டு வருஷமாக வரவு செலவு இல்லாத கணக்கு என்றால் முதலில் அதை உயிர்ப்பிக்க வேண்டும். சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் மாறியிருந்தால் சேர்க்கைக்கு முன்பே திருத்திவிடுங்கள்.

அப்புறம், "வேற ஸ்காலர்ஷிப் வாங்குறோமே, இது கிடைக்காது" என்று தாங்களாகவே ஒதுங்குகிறார்கள். இல்லை, இரண்டும் வாங்கலாம், இதற்கு வருமான வரம்பும் கிடையாது. கல்லூரியிலேயே இதற்கென ஒரு ஆசிரியர் பொறுப்பில் இருப்பார், அவரைப் பாருங்கள். தொலைதூரக் கல்விக்கு மட்டும் இது பொருந்தாது.

எட்டாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வை விட்டுவிடாதீர்கள். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருந்து தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருஷம் 12,000. இதிலும் நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் பணம் நிற்கும், வருஷா வருஷம் புதுப்பிக்க மறந்தாலும் நிற்கும்.