பன்டெசால்: ஊபே நிறத்துக்குப் போகும் முன் வெள்ளையில் கை பழகுங்கள்

ஊபே என்னும் ஊதாக் கிழங்கு சேர்த்த பணிஸின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை வீட்டில் செய்யலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். செய்யலாம். ஆனால் முதலில் சாதாரண வெள்ளைப் பன்டெசாலை ஒழுங்காகச் சுடப் பழகுங்கள் என்றுதான் எல்லாருக்கும் சொல்வேன். பிலிப்பைன்ஸ் மக்கள் விடியற்காலையில் சூடாக வாங்கிக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவது அந்தப் பணிஸைத்தான். அது கைவந்தால் ஊபேயும் தானாக வரும்.

நான் கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் என்னோடு வேலை செய்யும், பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்துக்காரி. நான் அவரை 'ஆத்தெ' என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் ஊரில் அக்காவை அழைப்பது போல. முன்பெல்லாம் பிலிப்பைன்ஸ்காரருடைய சாப்பாடு அவர்களுடைய வீடுகளோடும் டொரொன்டோவின் பாதர்ஸ்ட்-வில்சன் பக்கத்துக் கடைகளோடும் நின்றுவிடும். 2018இல் ஜொலிபீ என்ற பிலிப்பைன்ஸ் துரித உணவுக் கடை ஸ்காபரோவுக்கு வந்தபோது எல்லா நாட்டுச் சனமும் வரிசையில் நின்றது. 2022இல் சிகாகோவின் கசாமா உணவகத்துக்கு, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் உணவகம் ஒன்றுக்கு அது முதல் தடவை. பகலில் அந்த இடம் ஒரு பேக்கரி என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.

சரி, மாவுக்கு வருவோம். 500 கிராம் கோதுமை மா, 80 கிராம் சீனி, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 8 கிராம் உப்பு, 250 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான பால், ஒரு முட்டை, 50 கிராம் மென்மையான பட்டர். கனடாவில் விற்கும் ஆல் பர்ப்பஸ் மாவில் புரதம் கூட, அதனால் அதுவே போதும். வேறு நாட்டில் இருப்பவர்கள் பாதிக்குப் பாதி பாண் மா கலந்துகொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் கோதுமை விளைவதில்லை, முழுக்க இறக்குமதிதான். அப்படியிருந்தும் தெருவுக்குத் தெரு பனதெரியா, அதாவது பேக்கரி, இருக்கிறது. ஸ்பானியர் காலத்தில் வந்த பழக்கத்தை அந்தச் சனம் முழுக்கத் தனதாக்கிவிட்டது.

பட்டரைத் தவிர மற்றதையெல்லாம் சேர்த்துக் குழையுங்கள். மா ஒன்றாகத் திரண்டதும் பட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முதலில் கையெல்லாம் ஒட்டும். அதற்காக மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள், பணிஸ் கல்லாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடாமல் குழைத்தால் ஒட்டுவது நின்று, மா காதுமடல் போல மென்மையாகிவிடும். எண்ணெய் தடவிய சட்டியில் மூடி வையுங்கள். ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் இரட்டிப்பாகப் பொங்கும். குளிர்காலத்தில் ஓவனைச் சூடாக்காமல் உள்ளே லைற்றை மட்டும் போட்டுவிட்டு அதற்குள் வையுங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் அது வெறும் இனிப்புப் பணிஸ்தான்.

மாவை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கையால் தட்டி நீள்சதுரமாக்கி, இறுக்கமாகச் சுருட்டி நீளத் தடி போல ஆக்குங்கள். இதை 'பஸ்தோன்' என்பார்கள். தையல் வரும் பக்கத்தை விரலால் கிள்ளி ஒட்டிவிடுங்கள். தட்டில் பாண்தூளைப் பரப்பி, தடியை அதில் உருட்டுங்கள். பிறகு மாவெட்டியால் ஆறு துண்டாக வெட்டுங்கள். அறுக்கக் கூடாது, மேலிருந்து ஒரே அழுத்து. வெட்டும்போது ஓரம் அமுங்கி, நடுவில் ஒரு மெல்லிய மேடு எழும். கடைப் பன்டெசாலில் தெரிகிற கோடு அதுதான். கத்தியால் இழுத்து அறுத்தால் அது வராது. வெட்டிய முகத்தையும் தூளில் ஒற்றி, அந்த முகம் மேலே வரத் தட்டில் அடுக்குங்கள்.

ஆத்தெ ஒன்றை எடுத்து இரண்டு விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். தூள் கொட்டுண்டால் மா காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கையை நனைத்து, மாவில் லேசாகத் தடவிவிட்டுத் திரும்ப ஒற்றுவார்.

தூள் மெல்லியதாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். பாங்கோ என்னும் ஜப்பானியப் பாண்தூள் வேண்டாம், அது பெரிய துகள். மிஞ்சின பாணை 250 பாகை பாரன்ஹைற்றில் மொறுமொறுவென்று காயவைத்து, அரைத்து, சலித்துவிடுங்கள். பனதெரியாக்களிலும் விற்காமல் மிஞ்சினது வீணாவதில்லை. தூளாகவும், வேறு பணிஸ்களுக்குள் வைக்கும் இனிப்பாகவும் மாறிவிடும்.

எங்கள் போறணை மாதிரி விறகு எரித்துச் சுடும் 'புகோன்' அங்கே இன்னும் சில பழைய பேக்கரிகளில் இருக்கிறது. அந்தப் புகை வாசத்துக்கு வீட்டு ஓவன் ஈடாகாது. ஆனாலும் 350 பாகை பாரன்ஹைற்றில் 15 முதல் 18 நிமிடம் சுட்டால் நல்ல பணிஸ் கிடைக்கும். அதற்கு முன் துணியால் மூடி இன்னொரு 40 நிமிடம் பொங்க விடுங்கள். இந்த அளவுக்கு 40 கிராம் வீதம் 24 வரும். மணிலாவில் சிறியதாகவும் விற்பார்கள். அங்கே 'பினோய் பன்டெசால்' என்ற பெயரில் விற்கும் பொதியில் 10 பணிஸ், மொத்தம் 250 கிராம்தான்.

முருங்கையிலை போட்டதும் அங்கே பிரபலம். ஒரு பிடி இலையை மிக்ஸியில் பாலோடு அடித்துச் சேர்த்தால் சரி.

அப்புறம் ஊபே. தமிழ்க் கடைப் பிரீசரில் கிடக்கும் இராசவள்ளிக்கிழங்குதான் அது, தேடி அலைய வேண்டாம். அவித்து மசித்தது 120 கிராம் சேர்த்து, பாலை 200 மில்லிலீற்றராகக் குறையுங்கள். வெறும் எசென்ஸை ஊற்றி நிறம் மட்டும் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிழங்கின் மணமும் அது தரும் ஈரமும் அதில் வராது. கிழங்கைப் பொறுத்து நிறம் மங்கலாக வரலாம், அதற்கு வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி எசென்ஸ் சேருங்கள். பேக்கிங் சோடா மட்டும் போடாதீர்கள், ஊதா நீலப்பச்சையாகத் திரும்பிவிடும்.

உள்ளே சீஸ் வைப்பதென்றால் தடியாக உருட்டாமல் உருண்டையாகப் பிடிக்க வேண்டும். புறோசெஸ்ட் செடார் துண்டு ஒன்றை நடுவில் வைத்து, அடியில் நன்றாகக் கிள்ளி மூடுங்கள். மொசரெல்லா உருகி வெளியே வழியும். பிலிப்பைன்ஸ் கடைகளில் விற்கும் ஈடன் சீஸ் உருகாமல் நிற்கும், உப்பும் அளவாக இருக்கும்.

சுட்ட அன்றைக்கே சாப்பிடுவதுதான் நல்லது. மிஞ்சினால் முழுக்க ஆறவிட்டு, பையில் கட்டிப் பிரீசரில் போடுங்கள், ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது அலுமினியத் தாளில் சுற்றி 300 பாகையில் பத்து நிமிடம், பிறகு தாளைத் திறந்து இரண்டு நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் தூள் ஈரமாகிவிடும், பணிஸும் ஆறினதும் றப்பராகிவிடும்.