மொட்டை மாடி ஷாட்டுக்குப் பின்னால் கடலை வைப்பது எப்படி?

மொட்டை மாடியில் இரண்டு பேர் நின்று பேசுகிறார்கள், பின்னால் மெரினா கடல். ஸ்கிரிப்ட்டில் இது ஒரே வரி. நிஜக் கடலோர மாடியில் எடுத்தால் அரை மணிக்கு ஒருமுறை வெளிச்சம் மாறும், காற்று வசனத்தை அடித்துக்கொண்டு போகும். அதனால் வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஒரு ஃப்ளோரில் (ஸ்டுடியோ கூடத்தில்) கைப்பிடிச் சுவரை மட்டும் செட் போட்டு, பின்னால் கிரீன் மேட் (பச்சைத் துணி) கட்டி எடுத்துவிட்டு, கடலை சி.ஜி.யில், அதாவது கம்ப்யூட்டரில், சேர்ப்பார்கள். இப்படிச் சேர்த்த கடல் ஒட்டாமல் தெரிந்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் ஃப்ளோரிலேயே விழுந்திருக்கும். ஆகவே கம்ப்யூட்டர் வேலையைவிட அதற்கு முந்தைய வேலைக்கே இங்கே அதிக இடம்.

முதலில் கடலை எடுங்கள்

பிளேட்டை, அதாவது பின்னணிக் கடலை, நடிகர்களுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஃப்ளோரில் லைட்டை எந்தப் பக்கமும் நகர்த்தலாம். சூரியனை நகர்த்த முடியாது. சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கடலைப் பார்த்து கேமரா வைத்தால் சூரியன் எதிரே நிற்கும், நீர் பளபளக்கும். அப்போது ஃப்ளோரில் நடிகர்களின் தலைமுடியிலும் தோளிலும் பின்னாலிருந்து வெளிச்சம் விழ வேண்டும். மாலை நாலரைக்கு எடுத்தால் சூரியன் கேமராவின் முதுகுப் பக்கம். முகத்தில் நேர் வெளிச்சம் வேண்டும். நடுப்பகலைத் தவிருங்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராகவே வருகிறது. அந்த வெளிச்சத்தை ஃப்ளோரில் கொண்டுவரக் கூரை முழுக்க லைட் கட்ட வேண்டியிருக்கும். எடுத்த நேரத்தையும், ஃபோன் காம்பஸ் காட்டும் சூரியத் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேமரா டிரைபாடில் அசையாமல் இருக்கட்டும். ஒரு டேக் குறைந்தது இரண்டு நிமிடம் ஓட வேண்டும். சின்னத் துண்டை லூப் செய்தால் அதே அலை திரும்ப வருவதைக் கண் பிடித்துவிடும். காக்கை குறுக்கே பறக்காத ஒரு டேக் கட்டாயம் வேண்டும். ஃபோகஸைக் கூர்மையாகவே வையுங்கள், மங்கலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். லென்ஸ் பொருந்துவதும் முக்கியம்: சூப்பர் 35 சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்தை, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஏறக்குறைய 50 மி.மீ. காட்டும்.

அடிவானம்தான் அதிகம் தப்பாகும் இடம். கடலின் அடிவானக் கோடு எப்போதும் லென்ஸின் உயரத்திலேயே தெரியும். ஃப்ளோரில் லென்ஸ் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருந்தால், ஐந்தரை அடி உயரமுள்ள நடிகரின் தோளை ஒட்டித்தான் அடிவானம் போக வேண்டும். அவர் கேமராவுக்கு ஆறு அடியில் நின்றாலும் பதினைந்து அடியில் நின்றாலும் அதே தோள்தான். கேமராவை டில்ட் செய்தால் ஃப்ரேமுக்குள் கோடு ஏறும், இறங்கும்; தோளோடு உள்ள கணக்கு மாறாது. இதை விட்டுவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதென்று கோட்டை இடுப்புக்கு இறக்கினால் நடிகர்கள் ராட்சத உயரத்தில் நிற்பதுபோல் இருக்கும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் நம்ப மாட்டார். ஒவ்வொரு ஷாட்டிலும் லென்ஸ் உயரத்தில் மேட்டின் மேல் ஒரு சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். நடிகரையும் கடலையும் ஒன்று சேர்க்கும் கம்போஸிட்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. மாடி கதைப்படி நாலாவது தளம் என்றால் பிளேட்டையும் நாலாவது தளத்திலிருந்து எடுங்கள். அடிவானம் இடம் மாறாது, ஆனால் மணலும் சாலையும் தெரியும் சாய்வு தளத்துக்குத் தளம் மாறும்.

மேட், லைட், உடை

துணியில் சுருக்கம் இருக்கக் கூடாது. இழுத்துக் கிளிப் போடுங்கள். நடிகருக்கும் மேட்டுக்கும் குறைந்தது பத்தடி இடைவெளி வேண்டும். நெருங்கினால் பச்சை வெளிச்சம் தோளிலும் காதோரத்திலும் படியும். மேட்டுக்குத் தனி லைட், நடிகருக்குத் தனி லைட். மேட்டின் வெளிச்சம் முகத்தின் முக்கிய வெளிச்சமான கீ லைட்டுக்குச் சமமாகவோ அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரு மடங்காவது) குறைவாகவோ இருக்கட்டும். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் 40 முதல் 50 சதவீதம் வரை. மூலைக்கு மூலை வித்தியாசம் அரை ஸ்டாப்பைத் தாண்டக் கூடாது. அதிக வெளிச்சம் கொடுத்தால் கீ (பச்சையை நீக்கி நடிகரைப் பிரிப்பது) சுத்தமாக வரும் என்று நினைத்து ஏற்றிவிடுகிறார்கள். ஏறுவதெல்லாம் பச்சைக் கசிவுதான்.

மல்லிகைப்பூவைக் கவனியுங்கள். சரத்தில் பூவின் காம்பு பச்சை, இதழோ வெள்ளை. காம்பு கீயில் ஓட்டையாகும், இதழ் மேட்டின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். தங்க நகையும் கண்ணாடிபோல் மேட்டைக் காட்டும். பச்சைப் பட்டு, வாழையிலை, வெற்றிலைத் தட்டு எதுவும் காட்சியில் இருந்தால் நீல மேட்டுக்குப் போங்கள். வழக்கமான சென்சாரில் சிவப்பு, நீலத்தைவிடப் பச்சைப் புள்ளிகள் இரண்டு மடங்கு. அதனால் நீலத்தில் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) கூடும், லைட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

குறைந்தது 10 பிட் (நிறப் படிகளின் நுணுக்கம்), 4:2:2 (நிறத் தகவலின் அடர்த்தி) பதிவு வேண்டும். 4:2:0-இல் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல் என்பதால் முடியோரம் படிக்கட்டாக வரும். கேமராவின் ஷார்ப்னிங்கை அணைத்துவிடுங்கள், படத்தை மென்மையாக்கும் டிஃப்யூஷன் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டரை 172.8 டிகிரியில் வைத்தால் மலிவான எல்.இ.டி. டியூப்கூடப் பெரும்பாலும் மினுக்காது.

கேமரா நகரும் ஷாட் என்றால் மேட்டில் சற்று வேறு பச்சை நிற டேப்பால் கூட்டல் குறிகள் ஒட்டுங்கள். தலைமுடிக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேமரா டாலியில் பக்கவாட்டில் போகும்போது, கடலை நேரடியாக அந்தக் குறிகளின் மேல் ஒட்டினால், பத்தடி தூரத்தில் மாட்டிய போஸ்டர் மாதிரி கடலும் நகரும். கைப்பிடிச் சுவர், குறிகள் இரண்டையும் வைத்து கேமராவின் நகர்வை முப்பரிமாணத்தில் சால்வ் செய்து (மென்பொருளில் கணக்கிட்டு), கடலைப் பல நூறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சால்வ் பிழை ஒரு பிக்சலுக்குக் கீழே இருக்கட்டும்.

செட்டைப் பிரிப்பதற்கு முன் லென்ஸ், உயரம், டில்ட், ஃபோகஸ் தூரம், அப்பர்ச்சர் ஐந்தையும் எழுதிவிடுங்கள். நடிகர் நின்ற இடத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் சாம்பல் பந்தையும் குரோம் பந்தையும் சில விநாடி பதிவு செய்யுங்கள். பிறகு அதே ஃபோகஸ், அதே அப்பர்ச்சரில் ஃப்ளோருக்கு வெளியே தூரத்து மரத்தையோ விளக்கையோ எடுங்கள். கடல் எவ்வளவு மங்க வேண்டும் என்பதற்கு இனி ஊகம் தேவையில்லை.

கீயும் கம்போஸிட்டும்

ஐந்து விநாடி ஷாட் 120 ஃப்ரேம்; இரு பக்கமும் எட்டு ஃப்ரேம் ஹேண்டில் (எடிட்டுக்கான உபரி) சேர்த்து 136. ஃப்ரேமுக்கு ஒரு கோப்பாக 16 பிட் இ.எக்ஸ்.ஆர். என்ற பட வடிவில் எடுத்து, 1001-லிருந்து எண்ணிடுங்கள்.

நாய்ஸ் குறைத்த பிரதியிலிருந்து கீ எடுங்கள். அதற்கு முன் மேட்டுக்கு வெளியே உள்ள லைட் ஸ்டாண்டு, கூரை எல்லாவற்றையும் கார்பேஜ் மேட்டால் (வேண்டாததை மறைக்கும் முகமூடியால்) வெட்டிவிடுங்கள். ஒரே கீயில் எல்லாம் வராது. உடம்புக்குக் கடினமான ஒரு கீ (கோர்), ஓரத்துக்கு மென்மையான இன்னொன்று. கீலைட் என்ற கீயிங் மென்பொருளில் நிறத்தை முகத்துக்கு அருகே உள்ள பச்சையிலிருந்து எடுங்கள். அதிலுள்ள கிளிப் பிளாக், கிளிப் வைட் அளவுகள் இரண்டையும் இறுக்கிக்கொண்டே போனால் ஆல்ஃபா (எது தெரியும், எது மறையும் என்று காட்டும் கருப்பு வெள்ளைப் படம்) சுத்தமாகத் தெரியும், முடியோ கத்தரித்த மாதிரி ஆகிவிடும். கை வேகமாக வீசும் இடங்களையும் சுவர் விளிம்பையும் ரோட்டோவில் (கையால் விளிம்பு வரைந்து வெட்டுவதில்) முடியுங்கள்: முழங்கைக்கு மேல், கீழ், உள்ளங்கை என்று தனித்தனி ஷேப், அசைவு திரும்பும் ஃப்ரேம்களில் கீஃப்ரேம் (ஷேப்பின் நிலையைப் பதிவது).

பச்சைக் கசிவை நீக்கினால் ஓரம் இருண்டுவிடும். இழந்த வெளிச்சத்தை, மங்கலாக்கிய கடல் பிளேட்டின் நிறத்தால் நிரப்புங்கள். முடி அங்கேதான் உயிர் பெறும். நடிகரின் நிறத்தை மாற்றுவதற்கு முன் அன்பிரீமல்ட் செய்யுங்கள் (ஆல்ஃபாவால் பெருக்கிய நிறத்தை வகுத்து மீட்டெடுங்கள்), இல்லாவிட்டால் கோடு போட்டதுபோல் ஒரு விளிம்பு வரும்.

அடுத்து கருப்பு. கடலோரக் காற்றில் ஈரம் இருப்பதால் தூரத்துப் படகின் நிழல்கூட முழுக் கருப்பாக இருக்காது. நடிகரின் கருப்பு அதைவிட ஆழமாக இருப்பது சரியே, இரண்டையும் சமமாக்காதீர்கள். லைட் ராப் (பின்னணி வெளிச்சம் நடிகரின் ஓரத்தில் படிவது) சில பிக்சல் போதும். கடைசியாக கிரெய்ன், அதாவது படத்தின் துகள்: நீலச் சேனலில் அதிகம், பச்சையில் குறைவு, நடிகரின் பிளேட்டில் இருக்கும் அளவிலேயே கடல் மேலும் படிய வேண்டும்.

சரிபார்க்கும்போது காமாவை ஒருமுறை மேலே ஏற்றி, ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள். ஒட்டு எங்கே இருக்கிறதோ அங்கே தெரிந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகவும் பாருங்கள். டி.ஐ.யில் (இறுதி நிறத் திருத்தத்தில்) கான்ட்ராஸ்ட் ஏற்றும்போது, உங்கள் மானிட்டரில் மறைந்திருந்த ஓரங்கள் திறந்துகொள்ளும். அதனால் படத்தின் லுக்கை (கலரிஸ்ட் வைத்திருக்கும் நிற அமைப்பை) கேட்டு வாங்கி அதை மாட்டியே பாருங்கள். இறுதி இ.எக்ஸ்.ஆர்.உடன் நடிகர்களின் ஆல்ஃபாவையும் சேர்த்து அனுப்பினால், கலரிஸ்ட் கடலைத் தொடாமல் முகத்தை மட்டும் திருத்திக்கொள்வார்.