ஊட்டியிலிருந்து மசினகுடி: கூடலூர் வழியாக இறங்கி கல்லட்டியில் ஏறுங்கள்

ஊட்டிக்கு வந்தால் ஒரு முழு நாளை மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் மசினகுடிப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். தென்மேற்குப் பருவமழை மேற்கே நடுவட்டம், கூடலூர் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுவதால், மலையின் வடக்குப் பக்கம் காய்ந்த முள்காடாக வேறு ஊர் மாதிரி கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் உதிர்ந்து காட்டின் எலும்பே தெரியும். எனக்கு அதுதான் பிடித்த மாதம், ஆனால் ஒரு தீப்பொறி போதும், சிகரெட்டைத் தொடவே தொடாதீர்கள்.

முதலில், நீலகிரிக்குள் வர இ-பாஸ். 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம், ஆன்லைனிலேயே எடுக்கலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

காலை 7 மணிக்குக் கிளம்பினால் பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர். வழியில் ஊசிமலையில் கொஞ்சம் நில்லுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடேறிக் கருகல் வாடை வரும், அதன் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. கூடலூரிலிருந்து தெப்பக்காடு, அங்கே வலது பக்கம் திரும்பினால் மசினகுடி. காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. யானை ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளியே நிறுத்திக் காத்திருங்கள், அது போகும்போது போகட்டும்.

திரும்பும்போது, மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு நேராக ஏறும் கல்லட்டி மலைச்சாலை. 36 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவு செங்குத்து. பிரேக் பிடிக்காமல் உயிர்கள் போன சாலை என்பதால் வெளியூர் வண்டிகளை இதில் இறங்க விடுவதில்லை, செக்போஸ்ட்டில் வாதாடாதீர்கள். ஏறுவதற்கு முன் ஏசியை அணைத்துவிடுங்கள், வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு மாற்றுங்கள், முன்னால் போகும் வண்டி வளைவைக் கடக்கும் வரை இடைவெளி விடுங்கள், ஏனென்றால் அது பாதியில் நின்று பின்னால் உருண்டால் உங்களுக்கு ஒதுங்க இடமில்லை. என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள், ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அந்தச் சமயத்தில் திரும்பிப் பாருங்கள், கீழே சீகூர் காடு மொத்தமும் விரிந்து கிடக்கும்.

மாயாற்றுப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்க வேண்டுமா? அதற்கு மறுநாள் கோத்தகிரி போய், அங்கிருந்து கோடநாடு காட்சிமுனை. காலையிலேயே போய்விடுங்கள், மேகம் ஏறிவிட்டால் ஆறும் தெரியாது, கீழே இருக்கும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியாது.