காரைக்குடியில் இலை போடும் நேரம்

காரைக்குடிக்கு முதல் தடவையாகக் கிளம்புகிறவர்கள் எனக்குப் போன் போட்டு, "எந்த மெஸ்ஸுக்குப் போகலாம்?" என்று கேட்பார்கள். "எத்தனை மணிக்குப் போவீங்க, அதை முதல்ல சொல்லுங்க" என்பேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். வங்கிக் கிளைகளில் தணிக்கை பார்க்கும் வேலை. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவேன். வந்தால் பத்து நாள் லாட்ஜில்தான் வாசம், மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு, அதுவும் பெரும்பாலும் தனியாக. 11 வருஷமாக இப்படி ஓடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே மெஸ்களில் மதியம் 12.30 வாக்கில் இலை போட ஆரம்பிப்பார்கள். 1.45க்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். சின்ன மெஸ்களில் அன்றன்றைக்கு அளவாக வாங்கி, அளவாகச் சமைக்கிறார்கள். முதல் வருஷம் ஒரு கிளையில் வேலை இழுத்துவிட்டது. 3 மணிக்கு ஒரு மெஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. குழம்பு வாளியில் அடியில் கொஞ்சம் எண்ணெயும் மசாலாவும் ஒட்டிக்கொண்டிருந்தன. "ரசம் மட்டும்தாம்மா இருக்கு" என்றார் பரிமாறுகிறவர். இவ்வளவுதானா செட்டிநாட்டுச் சாப்பாடு என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் அதே மெஸ்ஸில், அதே பெஞ்சில் 12.45க்கு உட்கார்ந்தபோது ஆவி பறக்க வந்த கறிக்குழம்பைப் பார்த்துத்தான் தப்பு நேரத்தில் இருந்தது என்று புரிந்தது.

அதனால் ஊர் சுற்றும் திட்டத்தைச் சாப்பாட்டு நேரத்தை வைத்துப் போடுங்கள். பிள்ளையார்பட்டி பக்கம்தான், 12 கிலோமீட்டர் சுமார் இருக்கும். காலையிலேயே தரிசனம் முடித்துவிட்டு 11.30க்குத் திரும்பினால் சரியாக இருக்கும். மதியம் எப்படியும் நடை சாத்திவிடுவார்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பழைய செட்டியார் வீடுகளைப் பார்க்கப் போவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்களில் நினைத்த நேரத்தில் நுழைந்து சாப்பிடக் கடைகள் குறைவு. அந்த வீடுகளில் சிலவற்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார்களே, அங்கே சாப்பிட ஆசை இருந்தால் முந்தின நாளே போன் பண்ணி எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். திடீரென்று போய் நின்றால் கிடைக்காது.

கிழமையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை நாட்களில் ஊர்க்காரர்கள் பலர் கவுச்சி தொட மாட்டார்கள். கறி சாப்பிட நினைக்கிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கறி நன்றாக இருக்கும், கூட்டமும் இருக்கும்.

உட்கார்ந்ததும் சுவரில் எழுதியிருக்கும் பட்டியலைப் படிக்காதீர்கள். "அண்ணே, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேளுங்கள். சென்னையில் எதற்கெடுத்தாலும் முன்னால் 'செட்டிநாடு' என்று ஒட்டிவிடுகிறார்கள். இங்கே அந்த வார்த்தைக்கு வேலையில்லை. நாட்டுக்கோழியா, ஆட்டுக்கறியா, காடையா, நண்டா என்பதுதான் கேள்வி. "இன்னைக்கு எது நல்லா இருக்கு?" என்று இரண்டாவதாகக் கேளுங்கள். கேட்கிற ஆளுக்கு ஒரு கவனிப்பு வந்துவிடும், நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நண்டு கேட்டேன். குனிந்து மெதுவாக, "இன்னைக்கு வேணாம்மா, சுறாப்புட்டு வாங்கிக்கங்க" என்றார் ஒருவர். அந்தச் சுறாப்புட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. உதிரி உதிரியாக, பூண்டும் பச்சை மிளகாயும் வெங்காயமும் சரியாக வெந்து, மீன் வாடையே இல்லாமல்.

பரிமாறுகிற பெண்களை அக்கா என்று கூப்பிடலாம். ஆச்சி என்பது நகரத்தார், அதாவது இந்த ஊர்ச் செட்டியார் வீட்டுப் பெண்களுக்கு உரிய சொல். சமைக்கிறவர் எல்லோரையும் ஆச்சி என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தட்டு. புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இலையில் சோறு விழுந்ததும் ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்கி எடுத்து வருவார். சுக்கா, ஈரல், மூளை, காடை வறுவல், இறால், மீன். மூக்குக்கு நேரே பிடிப்பார். கை தானாகப் போகும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. சோற்றுக்கு ஊற்றும் கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு சாப்பாட்டுக் காசிலேயே சேர்த்தி, எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள். துண்டு வேண்டுமென்றால்தான் காசு. இது தெரியாமல் ஒரு தடவை மூன்று கிண்ணம் எடுத்துக்கொண்டேன். கல்லாவில் நின்றபோது சாப்பாட்டு விலையைவிடப் பல மடங்கு பில். அவர்கள் ஏமாற்றவில்லை, நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் "இது எவ்வளவுண்ணே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவேன். யாரும் முகம் சுளித்ததில்லை. இரண்டு பேராகப் போனால் ஒரு கிண்ணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் தாராளம்.

சோற்றை ஒரேயடியாகக் குழைத்துவிடாதீர்கள். கொஞ்சம் சோறு, நடுவில் குழி, அதில் கறிக்குழம்பு. அது முடிந்ததும் கோழி. மீன்குழம்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புளியும் மீனும் நாக்கில் ஏறிவிட்டால் மற்றக் குழம்புகளின் வாசம் தெரியாது. பிறகு ரசம், மோர். மோருக்கு இடம் விடாமல் எழுந்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

காரம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்ல செட்டிநாட்டுக் குழம்பு வாயை எரிக்காது. மிளகும் மிளகாயும் இருக்கும். ஆனால் முன்னால் வருவது வாசம்தான். சோம்பு, அன்னாசிப்பூ, மராத்தி மொக்கு, கல்பாசி. கல்பாசியைப் பார்த்திருக்கிறீர்களா? பாறையிலும் மரத்திலும் படரும் பாசி மாதிரி, சாம்பலும் கறுப்புமாகச் சுருண்டு, தொட்டால் காய்ந்த காகிதம்போல் இருக்கும். சும்மா முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. சூடான எண்ணெயில் விழுந்ததும் மழை நனைந்த மரத்தடி மாதிரி ஒரு மணம் கிளம்பும். இலையில் குழம்பு விழும்போது அந்த மணம் வந்தால், மசாலா அன்றைக்கு வறுத்து அரைத்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். மேலே சிவப்பு எண்ணெய் மட்டும் மிதந்து, தொண்டை எரிந்தால் அடுத்த நாள் வேறு மெஸ்.

சைவக்காரர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று தயங்காதீர்கள். கவுனி அரிசியும் பணியாரமும் மண்டியும் இந்த ஊர்ச் சொத்து. மண்டி என்றால் அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு வெண்டைக்காயையோ மொச்சையையோ வேகவைப்பது. சோற்றோடு அப்படிப் பொருந்தும். எல்லா இடத்திலும் கிடைக்காது, கேட்டுப் பாருங்கள். காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய் கோசமல்லி கிடைத்தால் சட்னியை ஒதுக்கிவிட்டு அதை வாங்குங்கள். கறுப்புக் கவுனி அரிசி, பர்மாவோடு நகரத்தார் வியாபாரம் செய்த காலத்தில் இங்கே வந்தது என்பார்கள். பொதுவாகக் கல்யாண வீட்டுப் பண்டம். ஓட்டலில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலம் 5 மணிக்கு மேல் வெள்ளைப் பணியாரம் சுடும் இடமாகத் தேடிப் போங்கள். எனக்கு ஒரு அக்கா அளவு சொல்லித் தந்தார். ஒரு உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதே உழக்கில் அரிசிக்கு மேலேயே உளுந்தைக் கோபுரமாக ஏந்தும் அளவுக்குக் கொட்ட வேண்டும். அந்தக் கோபுரம்தான் உளுந்துக் கணக்கு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, புளிக்க விடாமல் உப்பும் துளி சர்க்கரையும் சேர்த்துச் சுடுவார். எண்ணெய்ச் சட்டியில் ஒரு கரண்டி மாவை ஊற்றினால் ஒரு நொடி அடியில் கிடக்கும், பிறகு தட்டையாக மேலே வந்து ஓரம் உப்பும். சிவக்க விடாமல் வெள்ளையாக எடுத்துவிடுவார். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். சுடச்சுட நின்றபடியே சாப்பிடுங்கள், பார்சல் வாங்கினால் அரை மணியில் சவசவத்துவிடும்.

தனியாக வரும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மெஸ்களில் மதியக் கூட்டத்தில் ஆண்கள்தான் அதிகம் இருப்பார்கள். நான் கல்லாவுக்கு எதிரே உள்ள மேஜையில் உட்கார்ந்துகொள்வேன். 12.30க்கே போனால் இடமும் கிடைக்கும், நிதானமாகவும் சாப்பிடலாம். இரண்டாம் நாள் அதே மெஸ்ஸுக்குப் போனால் "வாங்கம்மா, இன்னைக்கு லேட்டா?" என்று கேட்பார்கள். ஊரில் மூன்று நாள் இருந்தால் மூன்று மெஸ் தேடி ஓட வேண்டாம், பிடித்த ஒன்றுக்கே இரண்டு தடவை போங்கள்.

பில் விஷயம் சீக்கிரம் முடியும். சின்ன மெஸ்ஸில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஜிபே சில நேரம் ஓடாது. இலையை உங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருங்கள். சில இடங்களில் இலையை நாமே எடுத்துப் போட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போகக் குழம்பு வேண்டாம், பலகாரம் வாங்குங்கள். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் கிலோக் கணக்கில் கிடைக்கும். "எப்ப சுட்டது?" என்று கேட்டு, ஒன்றை உடைத்து வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சிக்கு வாடை அடித்தால் வேண்டாம். பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் முந்தின நாள் ராத்திரியே வாங்கிவிடுங்கள். வண்டி விடிகாலையிலேயே கிளம்பிவிடும், அப்போது எந்தப் பலகாரக் கடையும் திறந்திருக்காது.